உடம்பு வேறு, ஓரவஞ்சனை வேறு

(மாத்தளையில் நடந்த நமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாமற்போன தோட்டங்களில் வாசித்துக் காட்டுவதற்காக முழுமையாகத் தரப்படுகிறது.)



ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை, யட்டவத்தை என்று நாலா பக்கமிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கிறீர்கள். துவைக்கத் துணி கிடக்கிறது, பொறுக்க விறகு கிடக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. ஓர் ஆண் தோழர் எழுந்து, "ஆணும் பெண்ணும் சமம் என்கிறீர்கள். சரி. அப்புறம் பேறுகால லீவு, பால் கொடுக்க நேரம் என்று பெண்ணுக்கு மட்டும் தனியாகக் கேட்பது ஏன்? சமம் என்றால் எல்லாமே சமமாக இருக்க வேண்டாமா?" என்று கேட்டார். அவர் உட்கார்ந்ததும் ஒரு தங்கச்சி எழுந்தாள். "பெண்ணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று நீங்கள் கேட்டுக் கேட்டுத்தான், பெண்ணால் முடியாது என்று சொல்லிக் கங்காணி வேலையை நமக்குத் தரமாட்டேன் என்கிறார்கள்" என்றாள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் ஒன்று கிழக்கே இழுக்கிறது, மற்றது மேற்கே இழுக்கிறது. பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

இரண்டு சொற்கள்

சட்டம் பேசுகிறவர்கள் இரண்டு சொற்களைப் பாவிக்கிறார்கள். ஒன்று பால். மற்றது பால்நிலை. காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் பொருள் வேறு.

பால் என்பது உடம்பு. பிள்ளை சுமப்பது, பெறுவது, பால் கொடுப்பது, மாதா மாதம் வரும் வலி, இவையெல்லாம் உடம்பைச் சேர்ந்தவை. எந்தத் துரை மாறினாலும் எந்த அரசாங்கம் வந்தாலும் இவை மாறப் போவதில்லை.

பால்நிலை என்பது ஊர் நம்மேல் ஏற்றி வைத்தது. கொழுந்து பெண் வேலை, கவ்வாத்து ஆண் வேலை. கூடை பெண் முதுகில், தராசும் புத்தகமும் ஆண் கையில். அடுப்பு பெண்ணுக்கு, பேச்சு ஆணுக்கு. இதில் ஒன்றையும் கடவுள் எழுதவில்லை, மனுசர்தான் எழுதினார்கள். ஆகவே மாற்றி எழுதலாம்.

நல்ல சட்டம் முதலாவதைக் கண்டுகொண்டு இடம் கொடுக்க வேண்டும். இரண்டாவதை உடைக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பினால் கெட்டது நமக்குத்தான். உடம்பைச் சாட்டி ஓரவஞ்சனை செய்வார்கள். சமத்துவத்தைச் சாட்டி உடம்புக்குத் தேவையானதைப் பறிப்பார்கள். இரண்டும் நம் தலையில் நடந்தவைதான்.

உடம்பைச் சாட்டி நடந்தது

நமது பாட்டன் பூட்டிமார் மன்னாரில் கரையேறிக் காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தபோது, மாத்தளைதான் அவர்கள் கண்ட முதல் மலைநாடு. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களும் மாத்தளையில்தான் வந்து சேர்ந்தார்கள். அந்த வழி ஆணுக்கு ஒரு தூரம், பெண்ணுக்கு ஒரு தூரம் என்று இருக்கவில்லை. ஆனால் மலைக்கு ஏறியதும் கூலி மட்டும் இரண்டாயிற்று.

இதைத் துரைமார் தங்கள் இஷ்டத்துக்குச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். சட்டமே அப்படித்தான் இருந்தது. 1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்கீழ் உயர்மலைத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயித்தார்கள். பெண் உடம்புக்குப் பலம் குறைவு, தேவையும் குறைவு என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. அந்தப் பலம் குறைந்த உடம்புதான் நிறைந்த கூடையோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வித்தியாசம் ஒழிய 1984 வரை காத்திருந்தோம். அந்த ஆண்டு ஏப்ரலில் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. இங்கே இருக்கிற பெரியம்மாமார் அந்த நாட்களைக் கண்டவர்கள். யாரும் தானாகத் தரவில்லை.

சம்பளம் சமமானது. ஆனால் நாள் சமமானதா? கவ்வாத்துக்காரருக்கும் கான் வெட்டுகிறவருக்கும் கொடுத்த கணக்கு முடிந்தால் மத்தியானத்தோடு இறங்கலாம். கொழுந்துக்காரி பின்னேர நிறுவை முடியும் வரை மலையில் நிற்க வேண்டும். அதே பேருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் கூட. பிறகு வீட்டுக்கு வந்தால் அடுப்பு. இதில் உடம்பு எங்கே இருக்கிறது? எல்லாம் ஊர் போட்ட ஏற்பாடு. சட்டப் புத்தகத்தில் சமமாக இருந்தும் மலையில் சமமில்லாமல் இருப்பதற்கு இதுதான் உதாரணம்.

குடியுரிமையையும் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். அந்தச் சட்டம் பிள்ளையின் உரிமையைத் தகப்பன் வழியே பார்த்தது என்பதைப் பேசுவதில்லை. பத்து மாதம் சுமந்தவள் கடதாசிக்கு ஆளில்லை. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை வரலாம் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது. பாட்டனின் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைந்த குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சமத்துவத்தைச் சாட்டி நடந்தது

இனி மறுபக்கம். எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் நியாயம் வந்துவிடுமா?

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கும் ஒரு பிரிவு, 365அ, அதில் இருந்தது. 1995இல் சட்டக்கோவையைத் திருத்தியபோது, 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றினார்கள். கேட்பதற்குச் சமத்துவம்தான். ஆனால் நடந்தது என்ன? ஆணுக்கு இருந்த விலங்கை எடுக்கவில்லை. பெண்ணுக்கும் அதே விலங்கை மாட்டினார்கள். 2022இல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஆராயும் ஐக்கிய நாடுகள் குழு, இது பெண்களின் உரிமையை மீறுவதாகத் தீர்மானித்தது.

அதே 1995 திருத்தத்தில் நல்லதும் வந்தது. 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்தாலும் குற்றமே. அது ஆண், பெண் என்று பிரிக்காமல் பொதுவாக எழுதப்பட்டது. நிறுவையில் நிற்கும் தங்கச்சிக்கும் அது உதவும், ஸ்டோரில் வேலை செய்யும் பையனுக்கும் உதவும். ஆகவே பொதுவாக எழுதுவது எப்போதும் தவறு என்றும் சொல்ல முடியாது, எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது.

பேறுகாலச் சட்டத்தைப் பொதுவாக எழுத முடியாது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டம் பெண்ணுக்கென்றே உள்ளது. முன்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள், மூன்றாவதிலிருந்து 42 நாள்தான். மூன்றாவது பிள்ளை பெற்றால் உடம்பு பாதி நாளில் தேறிவிடுமா? 2018 திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி அரை மணியாக, இல்லாவிட்டால் ஒரு மணி ஒரு மணியாக. கர்ப்பமானதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. இவை சலுகை அல்ல, உரிமை. கேள்வி கேட்ட ஆண் தோழருக்கு எங்கள் பதில் இதுதான்: பிள்ளை பெறாதவருக்குப் பேறுகால லீவு இல்லாதது பாகுபாடு ஆகாது. பிள்ளை பெற்றதால் ஒருத்தி வேலையையும் சம்பளத்தையும் இழந்தால் அதுதான் பாகுபாடு.

ஆனால் அந்தத் தோழருக்கு ஒரு நியாயம் நாங்களே எடுத்துத் தருகிறோம். பெறுவது உடம்பின் வேலை. வளர்ப்பது இரண்டு பேரின் வேலை. அரசாங்க உத்தியோகத்தரான தகப்பனுக்கு 3 நாள் லீவு உண்டு. தோட்டத் தகப்பனுக்குச் சட்டப்படி அதுவும் கிடையாது. பிள்ளை தாயின் பொறுப்பு மட்டும்தான் என்று எழுதாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க வாருங்கள், நாங்களும் கூட நிற்போம்.

அரசியலமைப்பில் என்ன இருக்கிறது

1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் இரண்டு பகுதிகளை ஞாபகம் வையுங்கள். 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 12(4) பெண்கள், பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதை இந்த உறுப்புரை தடுக்காது என்கிறது. ஒன்று ஓரவஞ்சனையைத் தடுக்கிறது, மற்றது தேவையானதைத் தனியாகக் கொடுக்க வழி விடுகிறது. இரண்டும் ஒரே உறுப்புரையில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை அடிக்க இடமில்லை.

குறை என்னவென்றால், அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்துக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் கம்பெனி 'பெண்ணுக்குக் கங்காணி வேலை இல்லை' என்றால் 12(2)ஐத் தூக்கிக்கொண்டு நேராக உயர் நீதிமன்றம் போக முடியாது. தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்த நாட்டில் இல்லை. அரசின் கையிலுள்ள தோட்டங்கள் நமது மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே இந்த வாசலைத் தட்டிப் பார்க்க இடமுண்டு. ஆனால் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 'பார்ப்போம், பொறு' என்று தோட்டத்திலேயே இழுத்தடித்தால் அந்த ஒரு மாதம் போய்விடும். தலைவர்மார் கவனிக்க வேண்டும்.

2024இல் பாராளுமன்றத்துக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. பெண்களை வலுவூட்டும் சட்டம் 37ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. தேசிய பெண்கள் ஆணைக்குழு அமைக்க அதில் வழி இருக்கிறது. மற்றது பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம். அது முழுமையாகவே 12ஆம் உறுப்புரைக்கு முரணானது, சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது அங்கேயே நின்றுவிட்டது. சமத்துவத்துக்கென்று வந்த சட்டமூலம், சமத்துவ உறுப்புரையிலேயே இடறி விழுந்தது. பால், பால்நிலை என்ற சொற்களைத் தெளிவாக எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது நமக்கு ஒரு பாடம்.

வெளிநாட்டில் நடந்த வாதம்

இந்தச் சொற்களுக்காக மற்ற நாடுகளிலும் வழக்கு நடந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல், அரசியலமைப்பில் உள்ள 'பால்' என்ற சொல்லுக்குள் திருநங்கை, திருநம்பிமாரின் பால்நிலை அடையாளமும் அடங்கும் என்றது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தங்கள் 2010 சமத்துவச் சட்டத்தில் 'பால்' என்றால் பிறப்பிலான உடம்பு என்றது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆனால் பிரித்தானியத் தீர்ப்பிலும், திருநருக்குப் பாகுபாடு காட்டலாம் என்று சொல்லவில்லை. அந்தச் சட்டத்தில் பாதுகாப்புக்கான காரணங்கள் 9 இருக்கின்றன. பால் தனி, பால்நிலை மாற்றம் தனி, கர்ப்பமும் பேறும் தனி. ஒன்றின் பொருள் குறுகினாலும் மற்றது நிற்கிறது.

எங்களுக்குப் பிடித்த பாடம் அதுதான். ஒரே குடைக்குள் எல்லாரையும் நெருக்கி, யார் நனைவது என்று சண்டை போடத் தேவையில்லை. ஆளுக்கொரு குடை கொடுக்கலாம்.

நாங்கள் வாய் திறக்காத ஒரு விஷயம்

இந்த இடத்தில் எங்கள் குற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவரின் லயத்தில் ஒரு பிள்ளை வளர்ந்தது. ஆண் என்று பதிந்த பிள்ளை. அதன் மனசு பெண். வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்தது. கவ்வாத்துக்குப் போனால் கேலி. கொழுந்துக்குக் கேட்டால், இது பொம்பளை வேலை என்று பேர் கொடுக்கவில்லை. பிரட்டில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் ஓரத்தில் நிற்கும். கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போய்விட்டது. அதன் தாய் இன்றைக்கும் மலையில் எங்களோடு கொழுந்து எடுக்கிறாள்.

அந்தப் பிள்ளையிடம் மாதா மாதம் சந்தா பிடித்தோம். அதற்காக ஒரு நாள்கூடத் துரையிடம் போகவில்லை. இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், அதை விரட்டியதும் நம்மைக் கங்காணி ஆக்காததும் ஒரே பேச்சுத்தான்: இது ஆம்பளை வேலை, அது பொம்பளை வேலை.

2016 முதல், வைத்தியர் பரிசோதித்துத் தரும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்த சுகாதார அமைச்சினதும் பதிவாளர் நாயகத்தினதும் சுற்றுநிருபங்கள் இடம் தருகின்றன. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இப்போது தெரியும். உங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் சொல்லுங்கள்.

சில அக்காமார் கேட்டார்கள்: "அப்படியானால் பெண்ணுக்கென்று உள்ள இடம் என்னாகும்? கக்கூசு, வார்டு, குளிக்கிற இடம்?" அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டோம். பெண் உடம்புக்கு ஒரு மறைவு வேண்டும். அதை விட்டுக்கொடுக்க யாரும் நம்மிடம் கேட்கவும் கூடாது. ஆனால் மலையைப் பாருங்கள். காலையிலிருந்து பின்னேரம் வரை ஒதுங்க நமக்கு என்ன இருக்கிறது? தேயிலைச் செடியும் படங்கும். இல்லாத கக்கூசை யாருக்குக் கொடுப்பது என்று நாம் சண்டை போடக் கூடாது. முதலில் கட்டச் சொல்லிக் கேட்போம். உள்ளே கொண்டி போட்ட, தண்ணீர் உள்ள, ஓராள் போகும் அறைகளாகக் கட்டினால் கொழுந்துக்காரிக்கும் நிம்மதி, அந்தப் பிள்ளைக்கும் நிம்மதி.

இனி என்ன செய்வோம்

புதிய சட்டம், புதிய கூட்டு ஒப்பந்தம், தோட்டத்தில் புதிய ஒழுங்கு எது வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது உடம்பின் தேவையா, ஊரின் பழக்கமா? பொதுவாக எழுதினால் யாருக்காவது கையில் இருப்பது போகுமா? தனியாக எழுதினால் யாராவது வெளியே நிற்பார்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

சங்கத்தின் முன் மாதர் பிரிவு வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவது, கங்காணி, கணக்கப்பிள்ளை வேலைகளுக்குப் பெண்களும் விண்ணப்பிக்க வழி. கொழுந்தைப் பற்றி அதிகம் தெரிந்தவள் கொழுந்துக்காரி. அவளுக்கு மேலே நிற்க ஆணாகப் பிறந்தது மட்டும் தகுதியாகாது.

இரண்டாவது, கொழுந்து நாளுக்கும் கவ்வாத்து நாளுக்கும் மணித்தியாலக் கணக்கை ஒப்பிட்டுப் பேச வேண்டும். ஒரு பேருக்கு ஒரே நீள நாள்.

மூன்றாவது, ஒவ்வொரு மலையிலும் பூட்டக்கூடிய கக்கூசு, ஒழுங்கான பிள்ளைக் காம்பரா, பால் கொடுக்கும் இடைவேளையைச் செக்ரோலில் வெட்டாத ஒழுங்கு.

நான்காவது, 7 பேர்ச்சஸ் காணியாகட்டும் வீடாகட்டும், உறுதியில் புருசன் பெண்சாதி இரண்டு பேரின் பெயரும். 'குடும்பத் தலைவர்' என்ற ஒரே கட்டத்தில் ஆணின் பெயரை மட்டும் எழுதி நம்மை இன்னொரு தலைமுறைக்கு வெளியே நிறுத்த விட மாட்டோம்.

ஐந்தாவது, தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் பாகுபாட்டுத் தடைச் சட்டம். அதில் பால், கர்ப்பமும் பேறும், பால்நிலை அடையாளம் ஆகியவை தனித்தனிக் காரணங்களாக எழுதப்பட வேண்டும். 12(4) போல விசேட ஏற்பாட்டுக்கும் இடம் இருக்க வேண்டும்.

ஆறாவது நமக்கே. சந்தாவில் பெண்களின் பங்கு எவ்வளவு, தோட்டக் கமிட்டியில் பெண்களின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு தோட்டமும் எண்ணிப் பார்த்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். துரையிடம் கேட்பதை முதலில் நம் வீட்டில் செய்வோம். மாதர் தலைவி என்றால் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறவள் என்ற நிலை போக வேண்டும்.

வேலையிடத்திலோ வீட்டிலோ தொந்தரவு இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். மாதர் தலைவியிடமும் சொல்லுங்கள். சொன்னவள் பெயர் வெளியே போகாது.

அந்தத் தங்கச்சிக்குக் கடைசியாக ஒன்று. பிள்ளை பெறும் உடம்பு என்பதால் உனக்குத் தனியாகக் கிடைப்பதை வாங்கிக்கொள், வெட்கப்படாதே. அதைக் காட்டி உனக்குக் கங்காணி வேலை இல்லை என்றால் கடதாசியில் எழுதித் தரச் சொல்லிக் கேள். அந்தக் கடதாசியை எங்களிடம் கொண்டு வா. ஒரு மாதம் தாண்டாமல் கொண்டு வா.